அறுத்தெடுத்த ஒரு சாண்

குட்னி எலியாசென் பதினாறு வயதில் ஹாவ்னெஸ் மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே மேற்பார்வையாளனிடம் திட்டு வாங்கினாள். காட் மீனைப் பெட்டியில் அடுக்கும்போது இடையில் விரிக்கிற காகிதத்தில் பென்சிலால் எதிர்வரிசைப் பெண்களின் கைகளை வரைந்திருந்தாள். அந்தப் பெட்டி அப்படியே கப்பலேறிவிட்டது. வாங்கியவர்கள் யாரோ, மீனோடு ஒரு கை வந்திருக்கிறதே என்று ஆலைக்குக் கடிதம் எழுதினார்கள்.

அதற்கப்புறமும் அவள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்கு ஓவியம் சொல்லித்தரவில்லை. வண்ணம் படகுத்துறையில் கிடைத்தது. படகுக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் மிஞ்சுகிற சிவப்பு, பச்சை, வெள்ளை. பலகை கணவன் ஆர்ன்டின் தச்சுப் பட்டறையில் கிடைத்தது. கவிதை மட்டும் தானாக வந்தது. மீனின் முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை இழுக்கும் வேகத்துக்கு வரிகள் வரும். அவற்றைத் தொலைக்காமல் வீடுவரை கொண்டுபோவதுதான் கஷ்டம். வழியில் யாராவது வணக்கம் சொன்னால்கூட எரிந்து விழுவாள். ஊரில் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம் இலையுதிர் காலத்தில், தோலுரிக்கும் இயந்திரத்தில் ராக்னாவின் வலதுகை போயிற்று. முழுக்கை இல்லை, இரண்டு விரல்கள். குட்னியும் ராக்னாவும் பத்து வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே நின்றவர்கள். அந்த இயந்திரத்தின் உருளைக்கு மூடி போடுங்கள் என்று இருவரும் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆலை மேலாளர் ஸ்வெர்ரே ஓஸ் மூன்று தடவையும் சிரித்த முகமாக வாங்கி வைத்துக்கொண்டார். விபத்து நடந்த மறுநாள் ஆலை வழக்கம்போல் ஏழு மணிக்குத் திறந்தது. உருளையை மட்டும் கழுவியிருந்தார்கள்.

அடுத்த வருடம் ஆலைக்கு இருபத்தைந்து வயது ஆகவிருந்தது. ஊர்மன்றத்தின் கலாச்சாரக் குழுவுக்கும் ஸ்வெர்ரேதான் தலைவர். புதிய சமுதாயக்கூடத்தின் பெரிய சுவருக்கு ஒரு ஓவியம் வேண்டும் என்று அவரே குட்னியின் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம ஆலைப் பொண்ணு ஒருத்தியே வரைஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சோம் குட்னி. பொண்ணுங்க வேலை செய்யிற மாதிரி, கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும்."

அவள் பென்சிலில் வரைந்த மாதிரிப்படம் ஒன்றைக் காட்டினாள். வெட்டுமேசையில் பதினொரு பெண்கள். அவருக்குப் பிடித்துப் போயிற்று. மாதிரிப்படத்தில் கவிதை இல்லை. அதை எழுதப்போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. எழுதலாமா என்று கேட்கவும் இல்லை.

குளிர்காலம் முழுக்க ஒரு பெரிய பலகையில் வரைந்தாள். ராக்னாவை நடுவில் நிறுத்தி, மூன்று விரல் கையை மேசைமேல் வைத்தாள். பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு சாண் அகலம் விட்டு, அங்கே வெள்ளை எழுத்தில் எழுதினாள்:

*ராக்னாவின் இரண்டு விரல்கள்*
*எந்தப் பெட்டியில் போயின?*
*எந்த ஊர் தின்றது அவற்றை?*
*இயந்திரத்துக்கு மூடி கேட்டோம்.*
*வாய்க்கு மூடி தந்தார்கள்.*

முதலில் ராக்னாவைத்தான் கூப்பிட்டுக் காட்டினாள். ராக்னா நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் மூக்கு இவ்வளவு பெரிசாடி?" என்றாள். பிறகு கவிதையை வாசித்தாள். இடதுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே" என்றாள்.

பலகையைக் கூடத்தில் பொருத்துகிற வேலை ஆர்ன்டுக்கு வந்தது. ஊர்மன்றத்துக்கு அவன்தான் தச்சன்.

திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. காப்பி, வாஃபிள் அப்பம், பாதிரியாரின் பேச்சு, பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு எல்லாம் இருந்தன. ஸ்வெர்ரே துணியை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். குட்னி மட்டும் பலகையின் கீழ்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களின் ரப்பர் பூட்ஸுகள் கணுக்காலோடு முடிந்தன. அதற்குக் கீழே புதுச் சட்டம், அதற்குக் கீழே சுவர்.

அவள் காப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்வெர்ரேயிடம் போனாள்.

"கீழ இருந்தது எங்க?"

"சுவரோட அளவு கொஞ்சம் இடிச்சுது. படத்துக்கு ஒண்ணும் ஆகலையே, எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"நான் அளவெடுத்துதான் செஞ்சேன். எங்கன்னு கேட்டேன்."

"ஆலையோட பிறந்தநாள் குட்னி இது. நல்ல நாள்ல போய் எதுக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரே. அவர்தான் அறுத்தாரு."

கூட்டத்தில் ஆர்ன்ட் வாஃபிள் தட்டோடு நின்றிருந்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் தட்டைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது. அவளுக்குப் பதினொரு பேரையும் சுவரிலிருந்து பெயர்த்து அவன் தலையில் போட வேண்டும்போல் இருந்தது. வெளியே போய், நேரே அவன் பட்டறைக்கு நடந்தாள்.

அறுத்த பலகை அங்கே இருந்தது. சுவரில் இரண்டு தாங்கி அடித்து, மேலே வைத்து, அலமாரித் தட்டாக்கியிருந்தான். ஆணி டப்பாக்களும் பசை வாளியும் கவிதையின் மேல் வரிசையாக இருந்தன. "வாய்க்கு" என்ற சொல்லின் மேல் பசை வழிந்து காய்ந்திருந்தது.

ஆர்ன்ட் பின்னாலேயே ஓடி வந்தான்.

"தூக்கிப் போட மனசு வரல குட்னி. நல்ல பலகை."

"நல்ல பலகையா?"

"ஸ்வெர்ரே சொன்னா நான் என்ன செய்யிறது? ஊர்மன்ற வேலை மொத்தமும் அவர் கையில இருக்கு. உனக்கும் அங்கதானே வேலை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விடமாட்ட."

"அது தெரிஞ்சுதான் அறுத்திருக்க. நான் தூங்கும்போது என் கையை அறுத்திருந்தா முழிச்சாவது பாத்திருப்பேன்."

டப்பாக்களை ஒரே வீச்சில் தரையில் தள்ளினாள். ஆணிகள் பட்டறை முழுக்கச் சிதறின. பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாதி வழியில் ராக்னா வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் விழாவுக்குள் நுழைந்து, ஓவியத்தின் கீழே தரையில் அதைச் சாய்த்து வைத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் வாசித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து வாசித்தார்கள். யாரும் கை தட்டவில்லை. வெட்டுமேசைப் பெண்களில் நான்கு பேர் வந்து பலகையை ஒட்டி நின்றார்கள். மற்ற ஐந்து பேர் கிளம்புவதற்கு மேல்கோட்டைத் தேடினார்கள். அந்த ஐவரின் பெயரையும் குட்னி சாகும்வரை மறக்கவில்லை.

திங்கட்கிழமை ஓவியமும் பலகையும் சாக்கில் சுற்றி அவள் வீட்டுவாசலுக்கு வந்து சேர்ந்தன. சமுதாயக்கூடத்தில் ஒரு மீன்பிடிப் படகின் புகைப்படம் ஏறியது. குட்னியை வெட்டுமேசையிலிருந்து குளிர்கிடங்குக்கு மாற்றினார்கள். வசந்தத்தில் உருளைக்கு மூடி வந்தது. ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. "மேலிடத்து உத்தரவு" என்று ஸ்வெர்ரே அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார். குட்னி அதன் கீழே, "இரண்டு விரல் தாமதம்" என்று பென்சிலால் எழுதிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அவள் கவிதையை ஓரத்தில் எழுதவில்லை. படத்துக்குள்ளேயே எழுதினாள். பெண்களின் ஏப்ரனில், கூந்தலில், கன்னத்தின் குறுக்கே, கடலின் மேல் அலையோடு அலையாக.

"கண்ணுக்கு இதமா இல்லையேடி" என்றாள் ராக்னா.

"இதமா இருக்க நான் என்ன போர்வையா? இனிமே அறுக்கிறவன் மூஞ்சியையும் சேத்து அறுக்கட்டும். அப்பவாவது கை நடுங்குதான்னு பாப்போம்."

ஆர்ன்டை அவள் விட்டுப் போகவில்லை. உருளைக்கிழங்கு வேகவைத்தாள், மீன் பொரித்தாள், வானிலை பேசினாள். ஆனால் வரைகிற அறைக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். அவன் பட்டறையிலிருந்து ஒரு துண்டுப் பலகையும் அப்புறம் எடுக்கவில்லை. அவன் சில தடவை நல்ல பலகையாகப் பார்த்து இழைத்து வாசலில் வைத்தான். அவள் அதை அடுப்பில் வைத்தாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். பதினொரு பெண்களும் அங்கே தொங்கினார்கள். அறுத்த பலகையை அதன் இடத்திலேயே வைத்து இரும்புப் பட்டை அடித்திருந்தாள். வெட்டுத் தடம் கறுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒரு சொட்டு வண்ணமும் அவள் பூசவில்லை.

கண்காட்சிக்குக் கிளம்புகிற அன்று காலையில் ஆர்ன்ட் மேசையில் உட்கார்ந்து கேட்டான். "நானும் வந்து பாக்கலாமா?"

"எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. வரிசையில நின்னு பாரு."

வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் உதடு அசைய வாசித்தான். கறுப்புத் தடத்தின் முன் வந்ததும் நின்றுவிட்டான். ஒரு விரலால் அதைத் தொடப் போனான்.

"தொடாதே" என்றாள் குட்னி, அறையின் மறுகோடியிலிருந்து. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேரா அறுக்கலை நான்" என்றான் அவன். "கை நடுங்கிச்சு. இங்க பாரு, கோணியிருக்கு."

அவள் அருகே போய்ப் பார்த்தாள். உண்மைதான், கோணியிருந்தது. அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. இன்னும் கோபம்தான் வந்தது. நடுங்கியும் அறுத்திருக்கிறான்.

"அடுத்த படம் அங்க இருக்கு" என்றாள். "பின்னால ஆள் நிக்குது. நகரு."