மஞ்சள் தண்ணீர் இறங்கிய மோட்டார்

பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால், அழுத்தாமல், அந்தக் கைகள் மோட்டாருக்குள்ளிருந்து கழற்றிய பச்சை சர்க்யூட் போர்டில் காய்ந்திருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முனையிலும் மீட்டரின் ஊசியை வைத்தன. முள் அசையவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தன.

"என்னப்பா, உயிரு கீதா இல்லியா?"

தசரதன் ஊசியை அடுத்த முனைக்கு நகர்த்தினார். அடி அண்ணாமலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எலக்ட்ரிக் வண்டிகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவர். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் வைப்பார்.

கேட்ட தனத்துக்கு டவுனில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை. விடிவதற்குள் அடுப்பு எரிய வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. முட்டி தேய்ந்துவிட்டதால் வேகமாக நடக்கவும் முடியாது, மிதிக்கவும் முடியாது. இனி ஒரு நாள் தாமதித்தாலும் வேறு ஆள்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் தனம் இந்த எலக்ட்ரிக் சைக்கிளை வாங்கினார். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றது. பழைய மாடல். பேட்டரி செத்திருந்தது. தசரதன் கேரியருக்கு அடியில் பெட்டி கட்டி வேறு பேட்டரி வைத்தார். சீட்டை இறக்கினார். மிதிக்காமலே ஓட ஆக்ஸிலேட்டர் பொருத்தினார். வயர் நுழைய மோட்டார் மூடியில் போட்ட துளையை அடைப்பது மட்டும் பாக்கி.

வேலை அந்த அளவில் நின்ற அன்று அமாவாசை.

"நாளைக்குப் பாட்டிமை, நல்லது தொடங்க ஆவாதுப்பா. இன்னைக்கே பொட்டு வெச்சி ஒரு சுத்து ஓட்டிட்டு, அப்புறமா கொண்டாந்து உடறேன்."

"தண்ணி படக்கூடாதுக்கா."

"படாது, குடு."

வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு முறை உதறி நின்றுவிட்டது.

"சொன்னேனேக்கா" என்றார் தசரதன், போர்டைக் கீழே வைத்து.

"குளிப்பாட்டாம எப்பிடிப்பா பொட்டு வெக்கிறது? பேட்டரிக்குக் கவர் கட்டிட்டுதான் ஊத்தினேன். மோட்டாரு மழையில ஓடறதுதானேனு..."

அந்த மோட்டார் அந்த போர்டுக்கு மட்டும்தான் கட்டுப்படும். சென்னையில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் தசரதன் போன் செய்தார். அந்த போர்டு எங்கும் இல்லை. வேறு மோட்டார் மாட்ட அந்தச் சட்டத்தில் இடமில்லை.

"கழட்டிடறேன். பாரமாச்சும் கம்மியாவும்."

"அப்ப மிதிக்கணுமா?"

"ஆமாக்கா."

மோட்டாரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெடலுக்கு அச்சு செய்து போட்டார். மிதிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று முன்னால் சின்னப் பல்சக்கரம் மாட்டினார். சக்கரத்தைத் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. அதற்கு மேல் அதை இலேசாக்க அவருக்கு வழி தெரியவில்லை.

தனம் ஏறி உட்கார்ந்தார். பெடல் பாதி சுற்று போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"நல்லா ஓடுதுப்பா. எனக்குதான் ஓடல" என்று சிரிக்கப் பார்த்தார். "லாட்ஜில என் எடத்துக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பொண்ணு ஒண்ணு சேந்துட்டாளாம். அங்கியே தங்கிக்கிறாளாம்."

தசரதன் கைப்பிடியில் இருந்த கிரீஸைத் துடைத்தார். தனம் தள்ளிக்கொண்டு போக வசதியாக வண்டியை ரோட்டுப் பக்கம் திருப்பி, அவர் கையில் கொடுத்தார்.