காதக்கா பழக்கிய மெத்தை

பட்டறையில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குச் சும்மா இருந்துவிடுவாள். வயது முப்பத்தொன்பது. வேலை, கேட்பது. சிரிக்காதீர்கள், அதுவும் வேலைதான். அண்ணன் செய்கிற ஹெட்போன்களை ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டிக்கொண்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். அவள் தேறாது என்றால் தேறாதுதான். அண்ணன் வாங்கி வைத்திருந்த அளவுக் கருவி என்ன வரைபடம் போட்டுக் காட்டினாலும் சரி, "பாப்பா என்ன சொன்னா?" என்பதுதான் அவனுடைய கடைசிக் கேள்வி.

அண்ணன் செய்கிறவை தெருமுனைக் கடையில் கொத்தாகத் தொங்குகிற சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். பிளானர் என்ற வகை. சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு சின்னக் கூம்பு அதிரும். பிளானரில் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு தாள், அதன்மேல் மயிரிழையாக உலோகக் கோடுகள், பக்கத்தில் காந்தப் பட்டைகள். தாள் மொத்தமும் அசைந்து பாடும். இதற்கென்றே பைத்தியம் பிடித்து அலைகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். காதைச் சுற்றி உட்காருகிற வட்ட மெத்தையைப் பார்த்தால், வலிக்காமல் இருக்க வைத்தது போலத்தான் தோன்றும். யார் சொன்னது? பாதிச் சத்தம் அந்த மெத்தையில்தான் இருக்கிறது. தோல் மெத்தை போட்டால் அடித்தொனி வெளியே போகாமல் கன்னத்தோடு நிற்கும். வெல்வெட் போட்டால் கசிந்து ஓடிவிடும். மெத்தை உயரமாக இருந்தால் பாடுகிறவர் மேடையின் பின்சுவரோடு போய் ஒட்டிக்கொள்வார். தாழ்ந்திருந்தால் நம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்பார். ஹெட்போன் அதேதான், மெத்தையை மாற்றினால் ஆளே மாறிவிடுவான்.

இதையெல்லாம் அவள் கற்றுக்கொண்டது பொட்டிக்குள். பட்டறையின் மூலையில் எட்டடிக்கு ஆறடியாக ஓர் அறை. ஜன்னல் கிடையாது. நாலு சுவரிலும் கூரையிலும் சத்தம் தின்னும் பஞ்சு. கதவு ஒரு சாண் தடிமன். மின்விசிறி கூடாது, இரையும். போன் கூடாது, கம்பியில் உறுமும். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் சொந்த எச்சில் இறங்குகிற சத்தம் கேட்கும். அதில் பதினோரு வருஷம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கட்டியவனோடு இனி ஒரு நாளும் முடியாது என்று இரண்டு பையோடு வந்து நின்றாள். அண்ணன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடியில் இருந்த தன் சாமானையெல்லாம் அன்றைக்கே ஒதுக்கி அறையைக் கொடுத்தான். அதற்காகவே அவன் காலில் விழலாம். ஆனால் பதினோரு வருஷம் விழுந்தே கிடக்க முடியுமா? மாடிப்படி பட்டறைக்குள்தான் இறங்கும். செருப்பைக் கையில் எடுத்தாலே போதும், "எங்க பாப்பா கிளம்பிட்ட?" என்று குரல் வரும். பாசமான குரல்தான். அதுதான் பெரிய கஷ்டமே. கோபமான குரலாக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள்.

போன வருஷக் கடைசியில் அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். அரை மணி பஸ் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைப் பிரிவுக்கு ஆள் தேவை என்று பார்த்து எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள், பேசினார்கள், பிடித்துப்போய்விட்டது. வேலைக்கு வரச் சொல்லி வந்த கடிதத்தை முதலில் பார்த்தது அண்ணி.

"ஏன் நாத்தனாரே, இந்தப் பொட்டியில இருந்து அந்தப் பொட்டிக்கா? இதுக்கா இவ்ளோ ரகசியம்?"

"அங்க பொட்டிக்குள்ள உக்காருறது வேற ஆளு அண்ணி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். எனக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கு, பாத்துட்டு வந்தேன். ரோடு தெரியுது."

அண்ணி கேலியை அத்தோடு விட்டாள். அண்ணனிடம் எடுத்துச் சொன்னதும் அவள்தான். அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, போ. யாரு வேணாங்கறா? ஆனா பெரியவன் வெளிய போகட்டும். அது ஒண்ணை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு பாப்பா" என்றான். பெரியவன் என்பது அவன் எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டு அழுத புது ஹெட்போன். ஆஸ்பத்திரியில் கெஞ்சி இரண்டு தடவை தேதி மாற்றி வாங்கினாள். மூன்றாவதாகக் கொடுத்த தேதி ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. அதற்கு மேல் ஒரு நாளும் பொறுக்க மாட்டோம், பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பெரியவனைச் செய்யும்போது அண்ணன் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வாங்கி வந்திருந்தான். கடல் தாண்டி வந்த சரக்கு, கையில் எடுக்கவே பயமாக இருக்கும். அதற்கு வெளியூர்க்காரன் என்று பெயர் வைத்தார்கள். "இவனை நம்ம பெரியவன் ஜெயிக்கணும்" என்பது உத்தரவு. வெளியூர்க்காரனுக்கு உயரமான ஆட்டுத்தோல் மெத்தை. பெரியவனுக்கு அப்போது துணி மெத்தை. இரண்டையும் அப்படியே மாட்டிக் கேட்டால் ஹெட்போனை ஒப்பிடுகிறோமா, மெத்தையை ஒப்பிடுகிறோமா? காதக்கா நியாயஸ்தி. ஒரே மெத்தையை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பது என்று முடிவு செய்தாள். எந்த மெத்தை? மேஜை இழுப்பறையில் அவளுடைய சொந்த ஜோடி ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக அவள் போடுகிறது, கன்னத்தில் உறுத்தாது. அதையே எடுத்தாள். நியாயமாக இருக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டாள், பாவம்.

அந்த மெத்தையை வைத்துத்தான் எட்டு மாதமும் வேலை நடந்தது. பின்பக்கம் எவ்வளவு கம்பளித் துணி ஒட்டுவது, எங்கே ஓட்டை விடுவது, எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அண்ணன் செய்தான். கடைசியில் பெரியவன் ஜெயித்தான். பாடுகிறவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவது வரை கேட்டது. பட்டறைக்கு மெத்தை தைத்துக் கொடுக்கிற தையல்காரம்மா அதே அளவில், அதே தோலில் புது மெத்தைகள் தைத்தாள். முதல் நூறு வெளியே போனது. திங்கட்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காதக்கா புதுச் செருப்பு வாங்கிவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை ஒன்று திரும்பி வந்தது. "பாட்டு பக்கத்து வீட்டில் நடக்கிறது. ஸ என்று வரும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது" என்று ஒரு சீட்டும் கூடவே. வியாழக்கிழமை இன்னும் ஒன்பது. அண்ணன் சாப்பிடாமல் பட்டறைக்கும் வாசலுக்கும் நடந்தான். அவள் திரும்பி வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு பொட்டிக்குள் போனாள். மாட்டினாள். சீட்டில் இருந்தது பொய்யில்லை. பாடுகிறவள் எங்கோ தூரத்தில் நின்று அவளை ஊசியால் குத்தினாள். மெத்தையைக் கழற்றித் தன் பழைய ஜோடியைப் போட்டாள். பாடுகிறவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி மாற்றினாள், மறுபடி குத்து.

இரண்டு மெத்தையையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். புதியது சுற்றிலும் இருபத்தைந்து மில்லிமீட்டர். அவளுடையது முன்பக்கம் இருபத்தொன்று, காதுக்குப் பின்னால் கீழே பதினேழு. மூக்குக்கண்ணாடிக் கால் படுகிற இடத்தில் ஒரு பள்ளம். மூன்று வருஷ வியர்வையில் தோல் இளகி அவள் கன்ன எலும்பை அப்படியே வாங்கி வைத்திருந்தது. எட்டு மாதம் ராப்பகலாக அவர்கள் பெரியவனைச் சரிசெய்யவில்லை. அவளுடைய கன்னத்துக்கு ஒத்துப்போகிற ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அடக் கடவுளே, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போயிருக்கலாம். அண்ணன் கருவியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான். ஆனால் சோறு போட்ட கை. அதோடு, உண்மையைச் சொன்னால் இன்னொரு லாபமும் உண்டு என்று அவளுக்கு ஓர் ஆசை. இவள் காதை நம்பி மோசம் போனோம் என்று தெரிந்தால் அண்ணன் அவளைப் பிடித்து வைக்க மாட்டான் அல்லவா? வெள்ளிக்கிழமை காலை போய் நின்றாள்.

"அண்ணா, தப்பு என்னோடது. பழைய மெத்தையப் போட்டுக் கேட்டுட்டேன். எட்டு மாசமா நாம கேட்டது என் மூஞ்சியத்தான். என் காத இனிமே நம்பாத. வேற ஆளை வெச்சுக்கோ."

அண்ணன் மெத்தைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். ஒரு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் முகத்தில் சிரிப்பு பரவியது.

"அப்போ இதை எவனும் காப்பி அடிக்க முடியாதுல்ல?" என்றான் அண்ணன்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அன்றைக்கே தையல்காரம்மாவை உட்கார வைத்துப் பதினேழு மில்லிமீட்டரில் மெல்லிய மெத்தை தைக்கச் சொன்னார்கள். அந்தப் பழைய சத்தம் வரவில்லை. சரிவாகத் தைத்தார்கள். வரவில்லை. பொம்மைத் தலையில் மாட்டிக் கனத்தை வைத்து அழுத்தினார்கள். பொம்மைக்குச் சூடு ஏது, கன்னம் ஏது? "காதக்கா தலையைக் கழட்டிக் குடுத்தா வேலை முடிஞ்சுது" என்று தையல்காரம்மா சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஒரு புது ஜோடிக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டி அவள் தலையில் மாட்டிவிட்டான். ஆறு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. ஜோடிக்கு நாற்பது மணி நேரம் என்று அவனே விடை கண்டுபிடித்தான்.

"பத்தே பத்து ஜோடி பாப்பா. திருப்பி அனுப்பினவங்களுக்கு மட்டும்."

"திங்கக்கிழமை நான் போகணும் அண்ணா."

"போ, யாரு வேணாங்கறா? சாயந்திரம் வந்து போட்டுக்கோ."

நாற்பதைப் பத்தால் பெருக்கிப் பார்த்தாள். பிறகு பத்து என்பது அண்ணன் வாயில் எத்தனை நாளைக்குப் பத்தாக நிற்கும் என்று யோசித்தாள். தொண்ணூறு பேர் இன்னும் சீட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். அன்று மாலையே அண்ணன் மேஜையில் ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. ஒவ்வொரு ஜோடி மெத்தையும் ஒரே ஒருவரால் பழக்கப்பட்டது என்று அதில் கொட்டை எழுத்தில் அடிக்கச் சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை ஏழரைக்கு இஸ்திரி போட்ட உடையில், புதுச் செருப்போடு படி இறங்கினாள். கீழே அண்ணன் ஹேர் டிரையரும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

"சூடு காட்டி வெச்சிருக்கேன், ஆறிடும். ஒரு அரை மணி நேரம் போட்டுட்டுப் போயேன். எட்டே காலுக்குத்தானே பஸ்ஸு? நேரம் நான் பாத்துச் சொல்றேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்கலாம். அவன் கண்ணெல்லாம் சிவந்து, மூன்று நாள் தூங்காத முகம். அரை மணிதானே என்று உட்கார்ந்தாள். புழுக்கமாக இருக்கிறது என்று கதவை மட்டும் திறந்து வைக்கச் சொன்னாள். போனும் பையும் வழக்கம்போல வெளியே மேஜையில்.

பொட்டிக்குள் கடிகாரம் கிடையாது. அதுவும் டிக் டிக் என்று அடிக்கும். அரை மணி ஆகியிருக்கும் என்று தோன்றியபோது அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து ஏதோ கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நேரமானால் அவனே சொல்வான் என்று இருந்தாள். பிறகு மேஜையில் இருந்த அவள் போன் அடித்தது. அவன் எழுந்து போய் எடுத்தான்.

இந்த ஹெட்போன்களுக்கு முதுகு திறந்திருக்கும், வெறும் கம்பி வலைதான். வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வரும். அண்ணன் அதை மறந்துவிட்டானா, தெரிந்தே பேசினானா என்று அவளுக்குத் தெரியாது. முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஆமாங்க, அவ அண்ணன்தான் பேசறேன். மணி ஒம்பதே கால் ஆச்சு, தெரியுதுங்க. இல்லங்க, அவ வரல. இங்கயே வேலை சரியா இருக்கு. வேற ஆளைக் கூப்பிட்டுக்கோங்க."

"அண்ணா!"

அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. பஞ்சுச் சுவர் அதைப் பாதி தின்றுவிட்டது.

"நான் வர்றேன்னு சொல்லுண்ணா. போனை வெக்காத. என்னை விட்டுடு, எனக்கு இங்க மூச்சு முட்டுது. பதினோரு வருஷமா முட்டுது!"

அண்ணன் திரும்பினான். அவன் முகம் பதறிப்போனதை அவள் பார்த்தாள். கையில் இருந்த போனைக்கூட மறந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பொட்டியை நோக்கி ஓடிவந்தான்.

"அய்யோ பாப்பா, பேசாத, பேசாத! தாடை அசைஞ்சா மெத்தை நகந்துடும்!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் வந்து இரண்டு பக்கமும் மெல்ல அழுத்திச் சரிசெய்தான். அவன் சொன்ன உடனே வாயை மூடிக்கொண்டுவிட்டோம் என்பது, அவன் கையை எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.