சிக்னல் கல்லில் கேட்டது

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் போகிற குறுக்குப் பாதையில் ஒரு பெரிய கருங்கல். சாயந்தரம் பறித்த கொழுந்தை எடை நிறுத்து முடித்ததும் ஆட்கள் ஏறிப் போய், ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, கொழும்போடும் கட்டாரோடும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அங்கே போவது என் வலைப்பூவுக்காக.

வலைப்பூ என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கரப்பத்தனை பஜாரில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் போட்டோக் கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கிறவள் நான். லீவு நாளில் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்களுக்குப் போவேன். போன இடத்தையும், இணையத்தில் அந்தந்த நேரம் ஓடுகிற கூத்தையும் பற்றி எழுதுவேன். நானுஓயா ஸ்டேஷனில் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு ஒரே சிரிப்பைப் பத்துத் தடவை சிரித்த பெண்ணையும், கீழே நின்று "இன்னும் கொஞ்சம் சாஞ்சி நில்லு" என்று கத்திய அவள் புருஷனையும் பற்றி எழுதினேன். இறம்பொடைக் கோயிலில் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறவர்களைப் பற்றி எழுதினேன். "சனம் போகாத இடம் ஏதாவது சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், "எங்க லயத்துக்கு வாங்க, பஸ்கூட வராது" என்று பதில் போடுவேன். வாசிக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் எனக்கு வாய்க்கொழுப்பு நிறைய. வலைப்பூவின் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்: கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும்.

அந்தக் காதால்தான் வினை வந்தது.

லயத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் பாதிதான், கூரைவரைக்கும் போகாது. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் நம் வீட்டில் திடுக்கிடுவோம். புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன்காரன் வந்தது, மகள் அழுதது எல்லாம் கேட்கும். காலையில் இஸ்தோப்புத் திண்ணையில் முகம் பார்க்கும்போது யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் லயத்தில் சுவருக்கு மட்டும்தான் காது, மனுஷருக்குக் கிடையாது. இல்லையென்றால் இத்தனை வருஷம் இத்தனை குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் பண்ணியிருக்க முடியாது. கல்லிலும் அதே கதைதான். பக்கத்து ஆள் பேசத் தொடங்கினால் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, பிள்ளைகள்கூடத் திரும்பிக்கொள்ளும்.

என் வீட்டிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி ஒரு தங்கச்சி இருக்கிறாள். உறவு கிடையாது, வயதில் சின்னவள், அதனால் தங்கச்சி. புருஷன் கட்டாரில் வேலை. ஒரு பெண்பிள்ளை, ஒரு ஆடு, ஏழு பேர்ச் காணியில் புது வீட்டுக்கென்று ஜன்னல் மட்டம்வரை எழும்பி நிற்கிற சுவர். இதுதான் அவர்கள் சொத்து. மாரி மழையில் கொழுந்து எடுக்கப் போனவள் தண்ணி ஓடுகிற கானில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. விடாததற்குக் காரணம் இருக்கிறது. முந்தி அவர் கொழும்பில் ஒரு கடையில் நின்ற காலத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி ஓடி வந்த மனுஷன். காய்ச்சல் அடுத்த நாள் விட்டது. வேலையும் விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், அவள் கல்லில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அங்கே குரல் மட்டும்தான் போகும், வீடியோ போட்டால் முகம் கல்லாக நின்றுவிடும். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. தூறலாகத் தொடங்கி, பிறகு ஊற்றோ ஊற்றென்று ஊற்றுகிற மழை. கட்டுப் போட்ட கையில் ஆட்டுக் கயிற்றைச் சுற்றி, தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் கிழிந்த குடையைச் செருகி, மற்றக் கையால் போனைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "மழையா? இங்க எங்கங்க மழை? வெயிலு கொளுத்துது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்ட்டு இப்பத்தான் வந்தேன். கூரைத் தகரத்தையும் மாத்தியாச்சு, ஒரு சொட்டு ஒழுகல."

அவள் நின்ற கோலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன், ஆனால் காதைத் திருப்பவில்லை. அன்றைக்கே எழுதினேன். பேர் போடவில்லை, எஸ்டேட் பேரும் போடவில்லை. இப்படி வெயில் என்று பொய் சொல்கிற பெண்கள்தான் இந்த மலையைத் தாங்கி நிற்கிறார்கள் என்று, என்னால் முடிந்த மட்டும் உயர்வாக எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்து மெச்சிக்கொண்டேன். வெட்கக்கேடு, அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

என் ரயில் கதையையும் கோயில் கதையையும் ஏறெடுத்துப் பார்க்காத இணையம் இதை அள்ளிக்கொண்டு போனது. அழ வைக்கிற எதையும் சனம் உடனே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறது, தான் அழுதது போதாது என்கிற மாதிரி. யாரோ ஒருவர் அதை முழுக்கத் தன் குரலில் வாசித்து, பின்னால் சோக இசை போட்டு, எங்கேயோ எடுத்த ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் படத்தை ஒட்டி வட்ஸ்அப்பில் விட்டார். கடைக்குப் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு டீச்சர் அதை என்னிடமே போட்டுக் காட்டி, "கேட்டுப் பாருங்க, அழுகையே வந்துரும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தங்கச்சி என் இஸ்தோப்பில் வந்து நின்றாள்.

"அக்கா, கல்லுல நான் பேசுனத கேட்டீங்களா?"

எங்கள் லயத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. பழக்கதோஷத்தில் "இல்லியே புள்ள" என்றுதான் வாயில் வந்தது.

"பொய் சொல்லாதீங்கக்கா. அவரு கேம்ப்ல ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ரூமுல ஒருத்தன் போனுல போட்டிருக்கான். இவரு சோத்துல கைய வச்சிக்கிட்டுக் கேட்டிருக்காரு. நேத்து போன எடுத்து என்னா கேட்டாரு தெரியுமா? 'அன்னைக்கு வெயிலு கொளுத்துதுன்னு சொன்னியே, கொடையப் பிடிச்சிக்கிட்டா சொன்ன?'ன்னு கேட்டாரு."

"நான் பேரு எதுவும் போடலியே."

"பேரு போட்டாத்தான் ஆளாக்கா? கொடையப் போட்டிருக்கீங்க, ஆட்டப் போட்டிருக்கீங்க, கல்லப் போட்டிருக்கீங்க. கை ஒடஞ்சதையும் போட்டிருக்கீங்க. என்னைய மட்டுந்தான் போடல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குற்றவாளிக்குத்தான் கோபம் முந்தி வரும் போலிருக்கிறது. "ஒன்னையப் பத்தி நல்லதாத்தானே எழுதினேன்" என்றேன்.

"நல்லதாத்தான் எழுதியிருக்கீங்க. வாசிச்சிட்டு நானே அழுதேன். அதுக்காக?" என்றாள். பிறகு குரல் இறங்கிப் போயிற்று. "ஆபீசுல போய் டிக்கட்டு கேக்கப் போறாராம். எக்ரிமென்ட் முடிய இன்னும் பதினொரு மாசம் இருக்கு. இப்ப வந்தா மறுபடி யாரு கூப்பிடுவா? அந்தச் செவுரு அப்படியே பாசி பிடிச்சி நிக்கும்க்கா. இந்த லயத்துப் பாதிச் செவுத்துல என் புள்ளையும் வளரணுமா?"

அவள்தான் வழி சொன்னாள். "அது கட்டுக்கதன்னு எழுதுங்க. நீங்களா மனசுல ஜோடிச்சதுன்னு. நான் அவருகிட்ட, 'அந்தக்கா கதைக்காகக் கைய ஒடச்சி எழுதியிருக்கு, என் கை நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லிக்கிறேன்."

அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டேன். கல்லில் போய் உட்கார்ந்தேன். நாலு வரி எழுத அவ்வளவு நேரம் எடுத்தது. இதுவரை நான் எழுதியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் என் ஒரே கௌரவம். படிப்பு இல்லை, காசு இல்லை, கமரா இல்லை, இது மட்டும்தான் இருந்தது. "அந்தப் பெண்ணும் அந்த மழையும் என் கற்பனை. அப்படி யாரும் இல்லை. மன்னிக்கவும்" என்று எழுதி அனுப்பினேன்.

அழுத சனம் திரும்பி வந்து அடித்தது. ஏமாற்றப்பட்ட சனத்துக்கு அனுதாபத்தைவிட வேகம் அதிகம். என் தலைப்பு வாசகத்தையும் மன்னிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் படமாக்கி விட்டார்கள். பொய்க்காரி, கண்ணீர் வியாபாரி, என்னென்னவோ. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. தூரதேசத்திலிருந்து வருஷக்கணக்காக எனக்கு எழுதுகிற ஒரு அம்மா, "உங்களை நம்பி என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேனே" என்று ஒரே ஒரு வரி அனுப்பினார். அதற்குத்தான் அழுதேன். தலைப்பு வாசகத்தை எடுத்துவிட்டேன்.

இணையம் என்னைப் பொய்க்காரி என்றது. லயத்துக்கு என் குற்றம் வேறு, நான் உண்மையைச் சொன்னவள். கல்லில் நான் ஏறினால் பேச்சு நின்றது. கொழும்பில் இருக்கிற மகனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், "இருப்பா, எழுதுற புள்ள வந்திருச்சு, பொறகு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கட்டாசம்பலும் கொண்டுவந்தாள். ஒற்றைக் கையால் பிசைந்த ரொட்டி, ஓரமெல்லாம் கோணல்.

"நம்பிட்டாருக்கா" என்றாள். முகம் கொள்ளாத சிரிப்பு. "'எவளோ ஜோடிச்சத நம்பி டிக்கட்டு கேக்கப் போனேனே, என்னைய மாதிரி மடையன் உண்டா'ன்னு சிரிக்கிறாரு. ஆபீசுக்குப் போகலியாம்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனசில் இருந்த பாரத்தில் பாதி இறங்கிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லுக்குப் போனேன். தங்கச்சி தன் மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், பேச்சை நிறுத்தவில்லை. நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். சிக்னல் கிடைத்ததும் என் போனில் செய்திகள் வரிசையாக விழுந்தன. ஏச்சுகளுக்கு நடுவில், வட்ஸ்அப்பில், தெரியாத கட்டார் நம்பரிலிருந்து ஒன்று.

"அக்கா, நான் ஒங்க லயத்து ஆளுதான். ரெண்டு காம்பரா தள்ளி. நீங்க கட்டுக்கதன்னு எழுதுனத வாசிச்சேன். எங்களுக்காக ஒங்க பேரக் கெடுத்துக்கிட்டீங்க. அவ பேசுற பேச்சு எனக்குத் தெரியாதாக்கா? ஒங்களால அத ஜோடிக்க முடியாது. நம்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். எக்ரிமென்ட முடிச்சிட்டே வாறேன். ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. எந்தக் கை?"

எனக்குப் பின்னால் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்குக்கூட கொழுந்து நெறையா எடுத்தேன், கங்காணியே அசந்து போய்ட்டாரு."

நான் தட்டினேன். "இடது கை. மணிக்கட்டுக்கு மேல. வர்ற வாரம் கட்டுப் பிரிக்கிறாங்க. வெரலெல்லாம் மடக்குது. ரொட்டி சுட்டுக் கொண்டாந்து குடுத்திச்சு, நல்லா இருந்திச்சு."

அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது.

"என்னாங்க?" என்றாள் அவள். "பேச்சையே காணோம்? கேக்குதா? ஹலோ... சிக்னல் போயிருச்சா?"

சிக்னல் நன்றாகவே இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் கல்லை விட்டு இறங்கினேன்.