எண்ணெய்க் குழாய் வாசல்

பட்டறையில் பழைய இரும்பை அறுக்கும் வாடை வந்தால் இன்றும் என் கை கணுக்காலுக்குப் போகிறது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், சாத்தூரில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் மில் சுவர், வாசலுக்கு நேர் முன்னால் நெஞ்சுயரத்தில் எண்ணெய்க் குழாய். ரயிலடியிலிருந்து மில் பாய்லருக்கு எண்ணெய் கொண்டுபோன அது, மில் மூடியபின் துரு உதிர்த்துக்கொண்டு அப்படியே நின்றது. பெரியவர்கள் குனிந்துதான் வெளியே போகவேண்டும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்காருவோம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கப் போகும் அம்மாவுக்கு அது பொறுக்காது.

"ஏட்டி, கொலுசக் கழத்து. உள்ள எண்ணெ நிக்கும், உரசுனா பொறி பறக்கும்."

கார்த்திகைக்குக்கூட எங்கள் லைனில் வாசல் விளக்கு கிடையாது.

சில வருடம் கழித்து, கேஸ் வைத்துக் குழாயை அறுக்க ஆட்கள் வந்த அன்று, தெருவே கண்மாய்க்கரைக்கு ஓடியது. ஒன்றும் வெடிக்கவில்லை. உள்ளே மண்ணும் குளவிக்கூடும்தான் இருந்தன.

"இதுக்கா இம்புட்டு நாளும்" என்று அம்மா பெட்டியிலிருந்து கொலுசை எடுத்து எனக்குப் போட்டுப் பார்த்தாள். கொக்கி எட்டவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் தன் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாய் இல்லாத வாசலில் குனிந்தபடி கம்பெனி வேனுக்குப் போனாள்.