ஐந்து நிமிடத்தில் அறுந்த லைன்

ஓர்ஸ் ஹில்லில் பூரணி நடத்திய இன்டர்நெட் கடையில் நெட் நின்றால் தெருவே கதவடைக்கும். 2007 இல், போருக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ நடக்கப்போகிறது, அதனால் படையினர் லைனை வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த நான்தான் முதலில் ஷட்டரை இழுப்பேன். வீரத்துக்கும் எனக்கும் வெகுதூரம்.

பூரணிக்கு முப்பது வயதிருக்கும். கோபம் மூக்கு நுனியில். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை இறக்கி, அதன் அடியில் கிடந்து எல்லாவற்றையும் இயக்கும் கர்னலைக்கூடத் தன் கையாலேயே கட்டி எடுப்பாள். அந்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு மலிவு நெட்வேர்க் கார்டு எடுப்பித்து, புதுக் கர்னலும் போட்டாள். அன்றிலிருந்து கடையைத் திறந்த சற்று நேரத்தில் நெட் போய்விடும். அவளும் எங்களைப் போலவே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் திறந்தால் வரும், பிறகு போகும்.

இதில் அகப்பட்டவள், சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து காலையில் கடை திறந்ததுமே வரும் கோணேஸ்வரி. கணவன் வல்லிபுரம் கட்டாரில்; நெட் வழியாகத்தான் பேச்சு. வேலை ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்து வைப்பதா, வீட்டுக்கு வருவதா என்று அந்தக் கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். அவனுக்கு வர ஆசை. இங்கேயோ கடலுக்குப் போகத் தடை, மீறிப் போன ஆண்கள் சிலர் திரும்பி வரவில்லை. ‘வரவேண்டாம்’ என்று அவள்தான் சொல்லவேண்டும். ஆனால் எங்கள் சனம் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருமா? மாமியின் முழங்கால், மகளின் இருமல், அயல் வீட்டு நாய் என்று சுகம் விசாரித்து முடியும்போது லைன் அறுந்துவிடும்.

“பரவாயில்லை தங்கச்சி, நாளைக்குச் சொல்லுவம்” என்று அவள் எழும்பிப் போவாள். அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் காலை நெட் போனதும் வழக்கம்போல் ஷட்டரில் கை வைத்தேன். எதிர்ப்பக்கம், உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கனகசுந்தரம் தன் கணினியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பூரணி றோட்டைக் கடந்து போனாள்.

“ஐயா, உங்களுக்கு நெட் இருக்கோ?”

“ஓம் பிள்ளை. நேற்றும் இருந்தது. நீங்கள் ஏன் பூட்டிக்கொண்டு ஓடுறீங்கள் எண்டு யோசிச்சனான்.”

ஏசுவதற்கு யாரும் கிடைக்காமல் அவள் என்னை ஏசிவிட்டு உள்ளே போனாள். கணினியை நிறுத்தி, திரும்ப எழுப்பி, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஐந்து நிமிடத்தில் நெட் செத்தது. மறுபடி எழுப்பினாள்; மறுபடியும் ஐந்தே நிமிடம். பிறகு கார்டை இயக்கும் நிரலைத் திறந்து, திட்டிக்கொண்டே வரி வரியாக வாசித்தாள். மத்தியானச் சாப்பாடும் மறந்துபோயிற்று.

“பிடிச்சிட்டன்,” என்றாள் கடைசியில். “கர்னலுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது, உங்கட மோட்டச்சைக்கிள் மீட்டர் மாதிரி. எல்லாம் ஒன்பதாகி, பிறகு பூச்சியத்துக்கு வரும். அப்பிடிப் பூச்சியமாகிறதைச் சமாளிக்க ஏலாத நிரல் கெதியாப் பிடிபடட்டும் எண்டு, கர்னல் எழுதினவை அந்தக் கணக்கை முடிய ஐஞ்சு நிமிசம் இருக்கேக்கயே துவக்கி வைச்சிருக்கினம். இந்தக் கார்டின்ர நிரல் பூச்சியத்தைக் கண்டிட்டு, இன்னும் நேரம் வரேல்லை எண்டு காத்துக்கொண்டு நிக்குது.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“விட்டா மாசக்கணக்கா.”

எண் பெரிதா சிறிதா என்று பாராமல், இடையில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்கும்படி ஒரு வரியை மாற்றினாள். கர்னலைத் திரும்பக் கட்டினாள். நெட் நின்றது, அதாவது நிலைத்து நின்றது.

அன்று கோணேஸ்வரி பின்னேரம்தான் வந்தாள். முழங்கால் முடிந்தது, இருமல் முடிந்தது, நாயும் முடிந்தது. அவள் பூரணியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தங்கச்சி, இண்டைக்கு அறேல்லையோ?”

“இல்லை அக்கா. இனி அறாது. ஆறுதலாக் கதையுங்கோ.”

பூரணிக்கு ஒரே பெருமை. கோணேஸ்வரியின் முகம் வாடியதை நான்தான் கண்டேன். லைன் அறுந்தது அவளுக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுகம் விசாரிக்க இனி யாரும் மிச்சமில்லை. அவள் மைக்கைப் பொத்தி ஒரு மூச்சு விட்டாள்.

“இஞ்சாருங்கோ, கையெழுத்தை வையுங்கோ. இப்ப வரவேண்டாம்.”

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. பூரணி பதறி எழும்பி, லைன் போய்விட்டதா என்று திரையைப் பார்த்தாள்.

“லைன் இருக்குது தங்கச்சி,” என்றாள் கோணேஸ்வரி. “அவரும் இருக்கிறார்.”