முனியாண்டி மேடையில் எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழத்தில் மின்சாரம் வரும் என்றால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் புருஷன் சயாம் ரயில் பாதையில் சாகாமல் இருந்தது அந்த மின்சாரத்தால்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு லாரி வரும். கிடைத்த ஆண்களை ஏற்றிக்கொண்டு, ரயில் பாதை போடச் சயாமுக்குப் போகும். போனவர் யாரும் திரும்பவில்லை. தோட்டத்துக் கேட்டில் நின்று கத்தினால், நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கேட்காது. வெள்ளைக்கார துரை ஓடிப்போனபோது விட்டுப்போன டெலிபோன் கம்பி மட்டும் மரத்துக்கு மரம் தொங்கியது. பேட்டரி ஈப்போ டவுனில்கூடக் கிடைக்கவில்லை.

என் புருஷன் ஈப்போவில் வயரிங் வேலை பார்த்தவர். செத்துப்போன டார்ச் பேட்டரிகளின் துத்தநாக உறையை உரித்தார். ஒவ்வொரு எலுமிச்சம்பழத்திலும் ஒரு தகடு, ஒரு செம்புக் கம்பி குத்தி, வரிசையாக இணைத்தார். அதில் பல்பு எரியாது. ஆனால் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்திருப்பவருக்கு ‘டக் டக்’ என்று கேட்கும். எங்களுக்கு அது போதும்.

பழங்களைக் கேட்டோரத்து முனியாண்டி மேடையில் வைத்தோம். அங்கே எலுமிச்சம்பழம் ஏன் என்று எவனும் கேட்கமாட்டான். பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்ற அக்காதான் காவல். அவள் புருஷனை முதல் லாரியிலேயே கொண்டுபோய்விட்டார்கள். லாரி வந்தால் அவள் கம்பியை விடாமல் தட்ட வேண்டும். வராவிட்டாலும், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மத்தியானம் ஒருமுறை தட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சத்தம் வரவில்லை. ரிசீவரைப் புருஷன் கையில் திணித்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

பழமெல்லாம் புதுசு. தகடும் கம்பியும் மின்னின. தொட்டேன். வழுக்கியது.

“என்னக்கா தடவுன?”

“தேங்காயெண்ண. வெள்ளிக்கிழமைலா. சாமி மேடையில இருக்கு, சும்மா விடலாமா? எண்ணெக்காப்பு போட்டேன்.”

“எண்ண பட்டா கரண்டு போகாதுக்கா. தலைக்கு வைக்கவே இல்லாத காலத்துல இதுக்கு ஊத்தியிருக்க.”

“தலைக்கு வைக்காமத்தான் சேத்து வச்சேன். ஒம் புருஷனாச்சும் இருக்கட்டும்னு.”

எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. தகடுகளைப் பிடுங்கி, அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்தேன். அவளும் தேய்த்து, முந்தானையால் துடைத்தாள். கடைசித் தகட்டைக் குத்தும்போது பெரிய ரோட்டில் லாரி உறுமியது.

“தட்டுக்கா.”

இருவரும் மேடையில் தலைவைத்துக் கும்பிட்டோம். பழங்களுக்குப் பின்னால் அவள் விரல் மட்டும் ஓயவில்லை. லாரியிலிருந்த சிப்பாய்கள் எங்களைப் பார்த்தார்கள். சாமி கும்பிடும் பொம்பளைகள் என்று உள்ளே போய்விட்டார்கள்.

லாரி திரும்பி வந்தபோது சிப்பாய்கள் மட்டும்தான் இருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் காட்டுக்குள் ஓடிவிட்டிருந்தார்கள்.

“முனியாண்டி காப்பாத்திட்டாருலா,” என்றாள் அக்கா.

“முனியாண்டியா ரிசீவர காதுல வச்சிருந்தாரு? நீ தட்டுன, எம் புருஷன் கேட்டாரு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப வர்ற வெள்ளிக்கிழம எண்ண வேணாமா?”

“சாமிக்கு ஊத்து. தகட்டுல பட்டுச்சு, கைய ஒடிச்சிருவேன்.”