எடுப்பு என்றொரு சொல்

"அம்மா, எடுப்பு எண்டா குட் வேர்டா, பாட் வேர்டா?"

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் விழா முடிந்து மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், பின் சீற்றிலிருந்து என் ஆறு வயது மகள் கேட்டாள். விளக்கு பச்சையாகிப் பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.

அவள் பட்டுப்பாவாடைக்குக் கீழே மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளே தெரிந்தெடுத்த கோலம். கொஞ்சம் கொழுகொழுவென்ற பிள்ளை. கேக் வெட்ட முதலே ஓர் அன்ரி எல்லோருக்கும் கேட்கத் தீர்ப்புச் சொன்னார்.

"உந்த உடம்போடை பிள்ளைக்கு உந்த எடுப்புத் தேவையோ?"

தீர்ப்புச் சொன்னவரின் கையில் மூன்றாவது மட்டன் ரோல்ஸ் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? சிரித்தேன். சபையில் யார் எதைச் சொன்னாலும் சிரித்து வைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். "சட்டை எடுப்பாய் இருக்கு" என்றால் பாராட்டு. "அவவுக்கு எடுப்பு" என்றால் தன் இடம் தெரியாத திமிர்க்காரி. முதலாவது துணிக்கு, இரண்டாவது அந்தத் துணிக்குள் இருக்கிற பெண்ணுக்கு.

காருக்குள் அன்று ஈர ரப்பர் மணத்தது. அந்த மணம் வந்தால் எனக்கு மலரக்காவின் கார் நினைவுக்கு வந்துவிடும். பனி கரைந்து குளம் கட்டிய ரப்பர் விரிப்பு, சாம்பல் தட்டில் காயும் தோடம்பழத் தோல், என் பக்கத்தில் தக்காளிச் சிவப்புக் கோட்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் முதலில் குடியிருந்த வோபர்ன் மாடிக் கட்டடத்தில் இருந்தவர் மலரக்கா. கார் பழக்கும் லைசென்ஸ் எடுத்த பெண் என்று எங்கள் ஆட்களுக்குள் அப்போது எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பெரிய உடம்பு. அகலமான இடுப்பில் இன்னும் அகலமான பெல்ட். அந்தக் கோட் அவரே தைத்தது. கடைகளில் அவர் அளவுக்குக் கிடைப்பதெல்லாம் கறுப்பு.

"மொத்தமான ஆக்கள் இருட்டினாப் பிறகுதான் வெளியிலை வரவேணும் எண்டு நினைக்கிறாங்கள் போலை" என்பார்.

இந்த மகளை வயிற்றில் சுமந்து எனக்கு அப்போது ஏழு மாதம். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. வயிற்றுக்கு மேல் கோட்டின் பொத்தான் பூட்டாது. அதை மறைக்கக் குனிந்தே நடப்பேன், குனிந்தே கார் ஓடினேன்.

"ஏனப்பா குனியிறீர்? ஸ்டியரிங்குக்குப் பின்னாலை வயித்தை ஒளிக்கேலாது. சீற்றைப் பின்னுக்குத் தள்ளும். உடம்புக்குத்தான் சீற்றைத் தள்ளுறது, சீற்றுக்கு உடம்பைத் தள்ளுறேல்லை."

பனிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற எத்தனையோ பெண்களை அவர் கார் ஓட வைத்தார். அவர்களின் கணவன்மாரோ, "உவ கார் பழக்கிறாவோ, ஸ்டைல் பழக்கிறாவோ?" என்று கேட்டுத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள்.

இந்த அறிவாளிகள்தான் அந்த ஆண்டு தங்கள் சங்கத்தில் பெண்களைக் கௌரவிக்க ஒரு விழா வைத்தார்கள். முன்வரிசை முழுக்க ஆண்கள். பெண்மையைப் பற்றி மூன்று ஆண்கள் மாறிமாறிப் பேசினார்கள். போற்றப்பட்ட பெண்மை பின்னால் குசினியில் வடை சுட்டுக்கொண்டு நின்றது.

மலரக்காவுக்கும் ஒரு கேடயம். பாராட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கு. ஊரில் உயர்தரப் பரீட்சையில் தமிழுக்குத் திறமைச் சித்தி எடுத்தவள் அல்லவா. "எடுப்பான தோற்றமும் துணிந்த நெஞ்சும்" என்று தொடங்கினேன். சங்கச் செயலாளர் அண்ணை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"தங்கச்சி, எடுப்பு எண்டு வாசிச்சா சனம் வேறை மாதிரி விளங்கும். அடக்கமே உருவான எண்டு போடும்."

போட்டேன். ஒருமுறை தயங்கிவிட்டுப் போட்டேன் என்று எழுத ஆசை. தயங்கவில்லை.

மேடையில், தக்காளிச் சிவப்புக் கோட்டும் பெல்ட்டுமாக அக்கா நிற்க, "அடக்கமே உருவான, எளிமையின் இருப்பிடமான" என்று நான் வாசித்தேன். ழகரம் ளகரம் எல்லாம் சுத்தம். மண்டபம் சிரித்தது. முன்வரிசை தொடையில் தட்டிச் சிரித்தது. அக்கா ஒலிவாங்கியை என் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பினார்.

"தங்கச்சி வடிவாய் எழுதியிருக்கிறா. ஆனா உது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. அந்த மனுசி வந்தாக் குடுங்கோ."

கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த செவ்வாய் வழமைபோல என்னைக் கார் பழக்க வந்தார். "கண்ணாடியைப் பாரும்", "இப்ப திருப்பும்" என்று பாடத்தை மட்டும் நடத்தினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஒவ்வொரு முறையும் ஒரு சந்தி வந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பரீட்சையில் சித்தியடைந்த அன்று, "இனி உம்மடை பாடு" என்றார். அவ்வளவுதான்.

அவர் மேற்கே ஏதோ நகருக்குப் போய்விட்டாராம். பழைய எண்ணுக்கு அடித்தால் ஒரு பதிவுக் குரல் வருகிறது. அவர் கோட்டுக்குத் துணி வாங்கிய கடையில் இப்போது வீடியோ கொப்பி வாடகைக்கு விடுகிறார்கள். செயலாளர் அண்ணை, அக்காவிடம் பழகிய தன் மனைவி கார் ஓட, பக்கத்து சீற்றில் பெருமையாக அமர்ந்து போகிறார். எல்லாம் போய்விட்டது. அந்தச் சொல்லும் அதைச் சொல்லும் வாய்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அடுத்த மாதம் தமிழ் வகுப்புக் கலைவிழா. மஞ்சள் பூட்ஸோடுதான் மேடை ஏறுவேன் என்கிறாள் மகள். நான் அதைக் கார் டிக்கிக்குள், மேலதிகச் சில்லுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆம், மலரக்காவிடம் கார் ஓடப் பழகிய நான்தான். காணவில்லை என்று பொய்யும் சொன்னேன். அவள் அழவில்லை. நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தாள்.

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன். கொடுக்கும்போது அவள் மறுபடி கேட்பாள். எடுப்பு நல்ல சொல்லா, கெட்ட சொல்லா? ஆறு வயதுக்கு விளங்கும்படி ஒரு பதில் தெரிந்தவர்கள், விழாவுக்கு முன்னம் எனக்கு எழுதுங்கள். அடக்கம் என்ற சொல் மட்டும் அதில் வேண்டாம்.